காப்பித்தூளில் கழுவிய ஐந்து ரோல்: கூடலூர் மழைக்காலக் குறிப்பு

விஸ்காம் படிக்கிற பிள்ளைகள் கையில் பிலிம் கேமரா திரும்ப வந்துவிட்டது. பிலிமைக் கூரியரில் வரவழைத்துவிடலாம். எடுத்து முடித்த ரோலைக் கழுவுவதுதான் பாடு. நீலகிரி மாவட்டத்தில் கூடலூர், தேவாலா, பந்தலூர் பக்கம் இருப்பவர்கள் கோவைக்கோ கோழிக்கோட்டுக்கோ அனுப்பிவிட்டுக் காத்திருக்க வேண்டும். கறுப்பு வெள்ளை ரோலுக்கு அந்த அலைச்சல் தேவையே இல்லை. இன்ஸ்டன்ட் காப்பித்தூள், சலவைச் சோடா, வைட்டமின் சி இருந்தால் டெவலப்பர், அதாவது பிலிமில் படத்தை வெளிக்கொண்டுவரும் மருந்து, தயார். 1995-ல் அமெரிக்காவின் ராச்செஸ்டர் இன்ஸ்டிடியூட் ஆஃப் டெக்னாலஜியில் ஸ்காட் வில்லியம்ஸ் என்ற பேராசிரியரும் அவர் வகுப்பு மாணவர்களும் காப்பியில் பிலிம் கழுவிக் காட்டினார்கள். வைட்டமின் சி பிற்பாடு சேர்ந்துகொண்டது. இந்தக் கலவைக்குக் கேஃபினால் என்று பெயர். பெயரில் கேஃபீன் இருந்தாலும் வேலை செய்வது கேஃபீன் இல்லை, காப்பியில் உள்ள கேஃபிக் அமில வகைகள். காரத்தண்ணீரில் அவை ஒளிபட்ட வெள்ளி உப்பை வெள்ளியாக மாற்றுகின்றன. வைட்டமின் சி அதோடு சேர்ந்து வேகத்தைக் கூட்டுகிறது. சோடா அந்தக் காரத்தைக் கொடுக்கிறது.

கீழே இருப்பது ஆனி, ஆடி மாதங்களில் கழுவிய ஐந்து 35 மி.மீ. ரோல்களின் குறிப்பு. மூன்று ரோல் கென்ட்மியர் 400, இரண்டு இல்ஃபோர்டு ஹெச்பி5 பிளஸ். ஐந்தில் இரண்டு வீண். இரண்டையும் கெடுத்தது ஈரம்தான். அதனால் கலவையைவிட ஈரத்தைப் பற்றியே இங்கே அதிகம் இருக்கும்.

கலவை

ஒரு லிட்டருக்கு: நீரற்ற சலவைச் சோடா 54 கிராம், வைட்டமின் சி பவுடர் 16 கிராம், இன்ஸ்டன்ட் காப்பித்தூள் 40 கிராம். ஒளியைச் சீக்கிரம் வாங்கும் ஐஎஸ்ஓ 400 பிலிம் என்றால் அயோடின் கலந்த சமையல் உப்பு 10 கிராம் கூடச் சேரும். பிலிமை ரீலில் சுற்றிப் போட்டுக் கழுவும், வெளிச்சம் புகாத ஒற்றை ரீல் பேட்டர்சன் டேங்குக்கு 290 மி.லி. போதும், டேங்கின் அடியிலேயே அச்சிட்டிருப்பார்கள். 300 மி.லி. கலக்கினால் கணக்கு எளிது: சோடா 16.2, வைட்டமின் சி 4.8, காப்பி 12, உப்பு 3 கிராம். சமையலறைத் தராசு ஒரு கிராம் கூடக் குறையக் காட்டும், 4.8 கிராமை அதில் நிறுத்தால் கலவை ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு மாதிரி வரும். 0.1 கிராம் காட்டும் சின்னப் பாக்கெட் தராசு வாங்கிக்கொள்ளுங்கள். இந்த வேலையில் டேங்குக்கு அடுத்து காசு போட வேண்டிய பொருள் அதுதான்.

காப்பித்தூளில் சிக்கரி கூடாது. நம் ஊரில் அதிகம் விற்கும் இன்ஸ்டன்ட் பாக்கெட்டுகளில் பல சிக்கரி கலந்தவை. பாக்கெட்டின் மேலேயே காப்பி இத்தனை சதவீதம், சிக்கரி இத்தனை சதவீதம் என்று போட்டிருக்கும். சிக்கரி போடாத இன்ஸ்டன்ட் தூளில் மட்டமானதாகப் பார்த்து எடுங்கள். விலை குறைந்த தூளில் ரொபஸ்டா அதிகம், ரொபஸ்டாவில் நமக்கு வேண்டிய அமிலங்கள் அராபிக்காவைவிட அதிகம். கூடலூர்த் தோட்டங்களில் விளைவதும் பெரும்பாலும் ரொபஸ்டாதான். அதற்காக வீட்டு ஃபில்டர் டிகாக்‌ஷனை ஊற்றிப் பார்க்க ஆசைப்பட வேண்டாம். கறுக்க வறுக்க வறுக்க அந்த அமிலம் சிதைந்து குறையும். தவிர இன்றைய டிகாக்‌ஷனும் நாளைய டிகாக்‌ஷனும் ஒன்றாக இருக்காது.

வைட்டமின் சி-க்கு மருந்துக்கடையில் கிடைக்கும் ஆரஞ்சு நிறச் சப்பும் மாத்திரை உதவாது. அதில் சர்க்கரையும் நிறமும் கலந்திருக்கும். அஸ்கார்பிக் அமிலம் என்று கேட்டு, பள்ளி, கல்லூரி லேபுக்குச் சப்ளை செய்யும் கெமிக்கல் கடையில் 100 கிராம் வாங்கினால் இருபது ரோலுக்கு வரும்.

முதல் ரோல்: கண்ணாடி மாதிரி ஒரு நெகட்டிவ்

சோடாவில்தான் முதல் அடி. மளிகைக் கடையில் "சோடா" என்று மட்டும் கேட்டால் ஆப்ப சோடாதான் கைக்கு வரும். "அண்ணே, துணிக்குப் போடுற சோடா" என்று கேட்க வேண்டும். எருமாடு, அய்யன்கொல்லி பக்கம் மலையாளம் பேசுகிற கடை என்றால் 'அலக்குகாரம்'; 'அப்பக்காரம்' என்று வாய் தவறினால் மறுபடி ஆப்ப சோடாதான். ஆப்ப சோடாவின் காரம் காப்பியை எழுப்பப் போதாது.

முதல் ரோலுக்கு வாங்கியது சரியான சலவைச் சோடாதான். ஆனால் கல் சோடா, அதாவது படிகம். அதன் எடையில் பாதிக்கு மேல் தண்ணீர். 54 கிராம் கல் சோடாவில் உண்மையான சோடா 20 கிராம்தான் இருக்கும். 54 கிராம் நீரற்ற சோடாவுக்கு ஈடாக 146 கிராம் கல் சோடா போட வேண்டியிருந்தது. போடவில்லை. 15 நிமிடம் கழித்து வெளியே வந்த பிலிமில் 36 பிரேமும் கண்ணாடி மாதிரி தெளிவு. உற்றுப் பார்த்தால் ஒரு வானக் கோடு, ஒரு ஜன்னல் சட்டம் புகை போலத் தெரிந்தன.

இந்த இடத்தில் எல்லோருக்கும் வரும் சந்தேகம்: கேமரா தவறா, கழுவியது தவறா? பிலிமின் ஓரத்தைப் பாருங்கள். கம்பெனி பெயரும் பிரேம் எண்களும் தொழிற்சாலையிலேயே ஒளிபட்டு வருபவை. அவை கறுப்பாகத் தெளிவாக இருந்து நடுவில் ஒன்றும் இல்லை என்றால் கேமராவில் பிலிம் நகரவே இல்லை, அல்லது ஷட்டர் திறக்கவில்லை. எண்களும் மங்கலாக இருந்தால் தவறு டெவலப்பரில். முதல் ரோலில் எண்கள் சாம்பல் நிழலாகத்தான் இருந்தன.

தீர்வு எளிது. கல் சோடாவை இரும்புச் சட்டியில் போட்டு மிதமான தீயில் வறுக்க வேண்டும். 35 டிகிரியைத் தொடும் முன்பே தன் தண்ணீரிலேயே கரைந்து கூழாகும். பயப்படாமல் கிளறினால் கொதித்து வற்றி வெள்ளை மாவாக நிற்கும். ஐந்து நிமிடத்துக்கு ஒரு தரம் சட்டியோடு நிறுத்துப் பாருங்கள், எடை குறைவது நின்றால் தண்ணீர் போய்விட்டது. அலுமினியச் சட்டி வேண்டாம், ஈரச் சோடா அலுமினியத்தை அரிக்கும். சலவைச் சோடாவே கிடைக்கவில்லையென்றால் ஆப்ப சோடாவையும் இப்படியே வறுத்து மாற்றலாம்: 100 கிராம் போட்டால் சுமார் 63 கிராம் சலவைச் சோடா மிஞ்சும். அதற்குச் சூடு இன்னும் அதிகம் வேண்டும், நேரமும் பிடிக்கும்.

வறுத்ததை ஆறவிட்டு, ஆறியதும் மூடி இறுகும் பாட்டிலில் அடைக்க வேண்டும். தேவாலாவும் பந்தலூரும் தென்மேற்குப் பருவமழை கொட்டித் தீர்க்கும் இடங்கள்; திறந்து வைத்த சோடா ஆடி மாதக் காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துத் தன் எடையைக் கூட்டிக்கொண்டே போகும். தராசு 54 காட்டும், உள்ளே 46 தான் இருக்கும்.

முதல் ரோல் கற்றுக்கொடுத்த இன்னொரு பழக்கம், ரோலைத் தொடும் முன் ஒரு துண்டுச் சோதனை. ரோலின் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் நாக்கில் இரண்டு விரல்கட்டை அளவு வெட்டி, வெளிச்சத்திலேயே கலவையில் போடுங்கள். சில நிமிடத்தில் கரி மாதிரிக் கறுக்க வேண்டும். பழுப்பாகவே நின்றால் கலவையைக் கொட்டிவிடலாம், ரோல் பிழைக்கும்.

இரண்டாவது ரோல்: பைக்குள் வியர்வை

இருட்டில், அதாவது கை மட்டும் நுழையும் கறுப்புப் பைக்குள், பிலிமை ரீலில் ஏற்றுவது பழகிய கைக்கு ஒரு நிமிட வேலை. பிளாஸ்டிக் ரீலின் இரண்டு பக்கத்தையும் மாற்றி மாற்றித் திருகினால் உள்ளே இருக்கும் சின்னக் குண்டுகள் பிலிமைப் பிடித்து இழுத்துக்கொள்ளும். ரீலில் ஒரு பொட்டு ஈரம் இருந்தாலும் போச்சு. ஈரம் பட்ட ஜெலட்டின் பசை போல ஒட்டும், பிலிம் பாதியில் நிற்கும், விரல் பதறும், உள்ளங்கை வியர்க்கும், கறுப்புப் பைக்குள் அந்த வியர்வையே ஆவியாகி எல்லாவற்றையும் நனைக்கும். பத்து நிமிடம் அப்படிப் போராடிய பிலிம்தான் இரண்டாவது ரோல். கழுவி எடுத்ததும் இரண்டு வகைத் தழும்புகள் தெரிந்தன. பிறை வடிவக் கறுப்புக் கீறல்கள், பிலிம் மடங்கிய இடம். பால் மாதிரி வெளுத்த திட்டுகள், ஒரு சுற்று இன்னொரு சுற்றோடு ஒட்டி மருந்து புகாத இடம். இரண்டாவதற்கு உடனே மறுபடி ஹைப்போவில் (ஒளிபடாத வெள்ளி உப்பைக் கரைத்து எடுக்கும் மருந்து) போட்டால் வெளுப்பு போகும், படம் வராது.

அதற்குப் பிறகு வைத்துக்கொண்ட முறை: ரீலை முந்தின நாளே கழுவி, ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல் போட்ட டப்பாவில் மூடி வைப்பது. ஏற்றும் முன் குண்டுகள் உருளும் பள்ளத்தில் பென்சிலை இரண்டு தேய்ப்புத் தேய்ப்பது. நாக்கின் இரண்டு மூலையையும் கத்தரியால் லேசாகச் சாய்த்து வெட்டுவது, மூலை முட்டாமல் போகும். பகலில் வேண்டாம், இரவு எட்டு மணிக்கு மேல் செய்தால் கை வியர்ப்பது குறைவு. சிக்கினால் இழுக்காதீர்கள். பிலிமை டேங்குக்குள் போட்டு மூடிவிட்டு, கையை வெளியே எடுத்துத் துடைத்து, ஃபேனுக்கு அடியில் பத்து நிமிடம் உட்கார்ந்துவிட்டுத் திரும்ப வாருங்கள். டேங்கின் நடுக்குழாயைப் போட மறந்தால் மூடியிருந்தும் வெளிச்சம் நுழையும், அதை மட்டும் மறக்கக் கூடாது.

வீணாய்ப் போன முதல் ரோலை வெட்டிப் போடாமல் வைத்திருந்தது இங்கே உதவியது. அதை வைத்து வெளிச்சத்தில் பத்து தடவை, கண்ணை மூடிப் பத்து தடவை ஏற்றிப் பழகலாம்.

மூன்றும் நான்கும்

மூன்றாவது ரோல், ஹெச்பி5, உப்புப் போடாமல் கழுவியது. படம் வந்தது, ஆனால் ஒளி படாத ஓரம்கூடச் சாம்பலாக இருந்தது. வேகமான பிலிமைக் காப்பி கொஞ்சம் கண்மண் தெரியாமல் கறுக்கடிக்கும். உப்பு அதைக் கட்டி நிறுத்தும். நான்காவதில் 3 கிராம் உப்பு போட்டதும் ஓரம் தெளிந்தது.

நான்காவதின் குறை வேறு. வானம் இருந்த பிரேம்களில் எல்லாம் சின்னச் சின்ன வட்டங்கள். காப்பி நுரைதான் காரணம். நுரைக் குமிழி ஒட்டிய இடத்தில் டெவலப்பர் படாது, நெகட்டிவில் வெளிர்ப் புள்ளி, பாசிட்டிவில் கறுப்புப் புள்ளி. அடுத்த ரோலிலிருந்து வரிசையை இப்படி வைத்தோம்: அளந்த தண்ணீரில் முக்கால் பங்கு, முதலில் சோடா முழுக்கக் கரையும்வரை, பிறகு வைட்டமின் சி, அது பொங்கி அடங்கியதும் உப்பு, கடைசியில் காப்பி. கரண்டியால் அடிக்காமல் மெதுவாகச் சுற்றிக் கலக்கி, மீதித் தண்ணீரை ஊற்றி, பத்து நிமிடம் ஆறவிட வேண்டும். வாடை ஊறிப்போன கோணிச் சாக்கு மாதிரி இருக்கும். அது சரியான அறிகுறி. கலந்ததை அரை மணிக்குள் பயன்படுத்திவிட வேண்டும், நாளைக்கு என்று எடுத்து வைக்க முடியாது.

ஐந்தாவது ரோல்: முழு வரிசை

மழை மாதத்தில் கூடலூர்க் குழாய்த் தண்ணீர் 20, 21 டிகிரியில் நிற்கும். இந்த வேலைக்கு இதைவிட வசதியான ஊர் வேறு கிடைக்காது. அன்று 21. நேரம் 14 நிமிடம். நாடுகாணி இறங்கி நிலம்பூரில் செய்கிறவர்களுக்கு இந்தச் சலுகை இல்லை: 24 டிகிரி என்றால் சுமார் பத்தரை நிமிடம், 27 என்றால் எட்டு. அதற்கு மேல் சூடானால் ஐஸ் பாட்டில் போட்ட வாளியில் எல்லாவற்றையும் நிறுத்தி இறக்கிவிடுங்கள். காய்ச்சல் பார்க்கும் தெர்மாமீட்டர் இவ்வளவு குறைந்த சூட்டைக் காட்டாது, அதை நம்பி இறங்க வேண்டாம்.

ஒரு நிமிடம் வெறும் தண்ணீர் ஊற்றி நனைத்துக் கொட்டினோம். டெவலப்பர் ஊற்றியதும் டேங்கைத் தரையில் மூன்று தட்டு, குமிழி விட. முதல் ஒரு நிமிடம் தொடர்ந்து மெதுவாகக் கவிழ்த்து நிமிர்த்துவது, பிறகு ஒவ்வொரு நிமிடமும் மூன்று தடவை. நேரம் முடியும் முன் 15 வினாடி இருக்கும்போதே கொட்டத் தொடங்க வேண்டும். அடுத்து மூன்று தண்ணீர், காப்பி நிறம் போகும்வரை. வினிகர் ஊற்றும் பழக்கம் சிலருக்கு உண்டு. இங்கே தவிர்க்க வேண்டும். நம் ஹைப்போ வெறும் ஹைப்போ. அதில் அமிலம் சேர்ந்தால் கந்தகம் பிரிந்து பால் மாதிரி ஆகிவிடும்.

ஹைப்போ, அதாவது சோடியம் தயோசல்ஃபேட், லிட்டருக்கு 250 கிராம். கரையும்போது தண்ணீரின் சூட்டை உறிஞ்சும். கை வைத்துப் பார்த்தால் ஃபிரிட்ஜ் தண்ணீர் போலச் சில்லிடும். ஆகவே 45 டிகிரித் தண்ணீரில் முன்கூட்டியே கரைத்து அறைச்சூட்டுக்கு வரவிட வேண்டும். 21 டிகிரியில் இருந்த பிலிமைச் சில்லென்ற ஹைப்போவில் இறக்கினால் ஜெலட்டின் சுருங்கி வெடிப்பு விழும். எத்தனை நிமிடம்? நாக்குத் துண்டு ஒன்றைப் போட்டு அது கண்ணாடி போலத் தெளிய எத்தனை ஆகிறதோ, அதன் மூன்று மடங்கு. அன்று தெளிய இரண்டரை நிமிடம், ரோல் கிடந்தது எட்டு நிமிடம். தெளியும் நேரம் புதிய ஹைப்போவைப்போல இரு மடங்கு ஆனால் அந்த ஹைப்போ ஓய்ந்துவிட்டது.

கழுவலுக்குக் குழாயைத் திறந்து விட்டுக்கொண்டே இருக்க வேண்டியதில்லை. இல்ஃபோர்டு சொல்லும் முறை: தண்ணீர் நிரப்பி 5 தடவை கவிழ்த்துக் கொட்டு, புதிய தண்ணீரில் 10, பிறகு 20. வெறும் ஹைப்போ என்பதால் கூட ஒரு தண்ணீர், ஐந்து நிமிடம் ஊற. கடைசித் தண்ணீர் மட்டும் பெட்ரோல் பங்கிலும் பேட்டரிக் கடையிலும் விற்கும் பேட்டரித் தண்ணீர், அதில் பாத்திரம் தேய்க்கும் திரவம் ஒரே ஒரு சொட்டு. இரண்டு சொட்டு விட்டால் நுரை காய்ந்து கறையாகும்.

காய வைப்பது

நன்றாகக் கழுவிய ரோலும் கெடுவது இங்கேதான். ஆடி மாதத்தில் வெறும் அறையில் தொங்கவிட்ட பிலிம் ஏழு மணி நேரம் கழித்தும் தொட்டால் ஒட்டியது. ஈர ஜெலட்டினை விரலிடுக்கில் வழித்துவிடுவது பெரிய தப்பு. ஒரு மணல் துகள் போதும், 36 பிரேமுக்கும் ஒரே நேர்க்கோடு. ஹேர் டிரையர் தூசியை வாரி அடிக்கும். விறகடுப்புக்கு மேலே கட்டினால் சீக்கிரம் காயும், கரியும் சேர்ந்து காயும்.

சரிப்பட்டது பழைய ஸ்டுடியோக்காரர்கள் வழிதான். ஆளைவிட உயரமான மர பீரோ, மேல் கம்பியில் பிலிம், கீழ் நுனியில் இரண்டு துணிக் கிளிப் பாரம், தரையில் 40 வாட் குண்டு பல்பு. எல்இடி பல்பு சூடு தராது. பல்புக்கும் பிலிம் நுனிக்கும் இரண்டடி இடைவெளி இருக்க வேண்டும். கதவை இரண்டு விரல் திறந்து வைக்க வேண்டும், இல்லையென்றால் ஈரம் உள்ளேயே சுற்றும். இரண்டரை மணி நேரத்தில் காய்ந்தது.

மழை விட்ட முதல் மாலை ஒரு விஷயம் கூட நடந்தது. ஈசல். பல்பு வெளிச்சத்துக்கு அந்த இரண்டு விரல் இடைவெளி வழியாகப் புகுந்து ஈரப் பிலிமில் அப்பிக்கொண்டன. நான்காவது ரோலில் 11-ஆம் பிரேமில் ஒரு சிறகு நரம்போடு அப்படியே பதிந்திருக்கிறது. அழகாகத்தான் இருக்கிறது, ஆனால் ஆசிரியரிடம் விளக்கம் சொல்ல வேண்டும். இப்போது கதவு இடைவெளியில் பழைய வேட்டித்துணி ஒற்றை மடிப்பாகத் தொங்குகிறது.

காய்ந்ததும் ஆறு ஆறு பிரேமாக வெட்டி உறையில் போட்டு, சிலிக்கா ஜெல்லோடு டப்பாவில் மூட வேண்டும். ஜெலட்டின் பூஞ்சைக்குச் சாப்பாடு; இந்த ஊரில் ஒரே மழைக்காலம் போதும். நீல ஜெல் இளஞ்சிவப்பாகும்போது சட்டியில் லேசாக வறுத்தால் மறுபடி நீலமாகும். சோடா வறுத்த சட்டியே போதும், சமையல் சட்டி வேண்டாம்.

காப்பித் தண்ணீரைச் சோப்புத் தண்ணீர் போலச் சாக்கடையில் விடலாம். ஹைப்போவை விடக்கூடாது, அதில் பிலிமிலிருந்து கரைந்த வெள்ளி இருக்கிறது. இங்குள்ள ஓடைகள் பாண்டியாறு, புன்னம்புழை வழியாகச் சாலியாற்றில் சேர்ந்து கேரளத்துக்கு இறங்குகின்றன. மீன் அதில் வாழ வேண்டும். ஓய்ந்த ஹைப்போவைப் பிளாஸ்டிக் கேனில் சேர்த்து, துருப்பிடிக்கும் சாதா இரும்புக் கம்பளியைப் போட்டு வைத்தால் சில நாளில் வெள்ளி கறுப்புச் சேறாக அடியில் படியும். எவர்சில்வர் ஸ்கிரப்பர் போட்டால் ஒன்றும் நடக்காது. கேன் மேல் 'ஹைப்போ, குடிக்கக் கூடாது' என்று தமிழிலும் மலையாளத்திலும் எழுதி ஒட்டியிருக்கிறது.